வீட்டுக் காகிதங்கள்: தாமிரபரணிக் கரைக் குடும்பங்கள் எழுதிவைத்ததும் விட்டதும்

1919 ஆகஸ்ட் 6ஆம் தேதி கடயத்திலிருந்து பாரதி எட்டயபுரம் ராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜமீன் பரம்பரையின் வரலாற்றைச் சொல்லும் ‘வம்சமணி தீபிகை’ என்ற நூல் 1879இல் அச்சாகியிருந்தது. சுவாமி தீட்சிதர் இயற்றியது. அதன் தமிழ்நடை பாரதிக்குப் பிடிக்கவில்லை. அந்த வரலாற்றை நல்ல தமிழில் தாமே புதிதாக எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் விருப்பம் நிறைவேறவில்லை. கடலூர்ச் சிறையிலிருந்து 1918 டிசம்பரில் வெளிவந்து, மனைவி செல்லம்மாவின் ஊரான கடயத்தில் பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ராஜ குடும்பத்தின் கதையைத் திருத்தி எழுதக் கேட்ட அதே நாட்களில் அவருடைய சொந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை யார் எழுதிவைத்தார்கள்?

செல்லம்மாதான். அதுவும் பாரதி இறந்து இருபது ஆண்டுகள் ஆனபின். அவர் சொல்லச் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதிய பாரதி வரலாறு 1941இல் வந்தது. 1951இல் திருச்சி வானொலியில் செல்லம்மா பேசிய ‘என் கணவர்’ என்ற உரையும் உண்டு. இளைய மகள் சகுந்தலா ‘என் தந்தை’ எழுதினார். இவை இல்லாவிட்டால் கடயத்து வீட்டு அடுப்பங்கரை நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பல வருடங்களாக எங்கள் குடும்பத்துக்கு ஒரு நோட்டு எழுதிவருகிறேன். பிறப்பு, இறப்பு, வீடு மாறியது, யார் எங்கே வேலைக்குப் போனார், எந்த வருடம் எந்த வயலை விற்றோம், ஆச்சி சொன்ன கதைகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டு வருகிறேன். எழுத எழுத ஒன்று புரிந்தது. எதை எழுதிவைப்பது, எதை விட்டுவிடுவது என்பதை நான் தனியாக முடிவு செய்வதில்லை. இந்த ஆற்றங்கரையில் பல தலைமுறையாகப் படிந்துபோன பழக்கங்கள் என் கையைப் பிடித்து எழுத வைக்கின்றன. அந்தப் பழக்கங்கள் எவை, அவை எதைக் காப்பாற்றின, எதைக் கைவிட்டன என்று தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

எழுத்துக்கு முந்திய பதிவிலிருந்து தொடங்கவேண்டும். ஆடி அமாவாசையன்று பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் கொடுப்பவர்கள் தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். நான்காம் தலைமுறைப் பெயர் அந்த வரிசையில் இல்லை. ஒருவர் இறந்ததும் புதுப்பெயர் ஒன்று உள்ளே வருகிறது, பழைய பெயர் ஒன்று வெளியே போகிறது. இறந்த நாளும் அப்படித்தான். ஐப்பசி மாதம், தேய்பிறை, சப்தமி என்று திதி சொல்லத் தெரிந்த பலருக்கு அது எந்த வருடம் என்று தெரியாது. திவசத்துக்கு வருடம் தேவையில்லை, மாதமும் திதியும் போதும். ஆகவே அவை நின்றன, வருடம் உதிர்ந்தது. என் நோட்டில் இன்றுவரை நிரம்பாத கட்டங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்: திதி இருக்கிறது, வருடம் இல்லை.

இன்னொரு வாய்மொழிப் பதிவு கோயில் கொடை. அகால மரணம் அடைந்தவர்களைத் தெய்வமாக்கி, ஆண்டுதோறும் அவர்கள் பிறந்ததையும் மாண்டதையும் வில்லடித்துப் பாடுவது இந்தப் பகுதியின் வழக்கம். பொதிகை மலையடிவாரத்தில், காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் நிற்கும் பட்டவராயன் ஊரறிந்த எடுத்துக்காட்டு. அவருடைய கதையான ‘முத்துப்பட்டன் கதை’யை நா. வானமாமலை பதிப்பித்தபோது அது நாட்டார் இலக்கியமாக நமக்கு வந்து சேர்ந்தது. ஆனால் சிறிய ஊர்களில், ஒரே குடும்பத்துக்குரிய கன்னித் தெய்வமாகவும் மாடனாகவும் நிற்பவர்கள் அந்தக் குடும்பத்து மனிதர்கள். அவர்களுக்குப் பத்திரம் கிடையாது, ஜாதகம் கிடையாது. கொடை நடக்கும்வரை கதை உண்டு. கொடை நின்றால் கதையும் நின்றது.

எழுத்துக்கு வருவோம். ஓலையிலும் பின்னர் காகிதத்திலும் இந்த வட்டாரக் குடும்பங்கள் எழுதியவை பெரும்பாலும் சொத்தைப் பற்றியவை. பாகப்பிரிவினை, ஒற்றி, கிரயம், கடன். நிலத்தைக் கோட்டை விதைப்பாடு என்று, விதைக்க வேண்டிய நெல்லின் அளவால் சொல்வார்கள். ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். மலையாள தேசத்தோடு கலந்திருந்த நெல்லைச் சீமையில் இருபதாம் நூற்றாண்டு வரைகூட இந்த ஆண்டுக் கணக்கு பத்திரங்களிலும் ஜாதகங்களிலும் ஓடியது. கி.பி. 825இல் தொடங்கும் கணக்கு அது. ஆண்டுப்பிறப்பு ஆவணி முதல் நாள். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824ஐயும், அதற்குப் பின் ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1056 ஆவணி என்றால் 1880. இந்தச் சிறு கணக்குத் தெரியாமல் கொள்ளுத்தாத்தாவின் பிறந்த வருடத்தைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் எழுதிய காகிதங்கள் இன்னும் சிக்கல். ‘விரோதி வருஷம்’ என்றிருந்தால் 1889ஆ, 1949ஆ என்று தாளையும் மையையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

சொத்து எழுத்துக்குள் சொத்தில்லாதவர்களும் அகப்படுகிறார்கள். தெற்கே நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்து வெளியுலகுக்குக் காட்டினார். பின்னாளில் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்று அவற்றை நூலாக்கினார். ஒரு வீட்டின் ஓலைக்கட்டு ஒரு நாட்டின் வரலாறாக விரிந்ததற்கு இதைவிட நல்ல சான்று பக்கத்தில் இல்லை. அந்தக் கட்டில் அடிமைகளை விற்றதற்கும் வாங்கியதற்கும் ஆன ஓலைகளும் இருக்கின்றன. விற்கப்பட்டவர்களின் பெயர் அதில் வருகிறது. அவர்களுடைய சந்ததிக்குத் தம் முன்னோர் பெயர் எழுத்தில் கிடைக்கும் ஒரே இடம் அந்த விற்பனை ஓலையாக இருக்கலாம். ஆ. சிவசுப்பிரமணியன் தமிழகத்தில் அடிமைமுறை பற்றி எழுதியதும் இத்தகைய ஆவணங்களை வைத்துத்தான். குடும்பக் காகிதம் என்று ஒருவர் பரணில் வைத்திருப்பது இன்னொருவரின் குடும்பக் காகிதமாகவும் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் நோட்டில் வயலில் வேலை செய்தவர்களின் பெயரையும் கேட்டு எழுதத் தொடங்கினேன். கேட்ட இடங்களில் பெரியவர்களுக்கு முழுப்பெயர் தெரியவில்லை. அதையும் அப்படியே குறித்திருக்கிறேன்.

கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலை கொஞ்சம் வேறு. பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப் பட்டியல் 1780இலேயே தொடங்குகிறது. நாற்பது பேர். 1778இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அந்தச் சபையின் தூண். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு ஏடு வைக்கும் பழக்கம் சபை வழியாக வீட்டுக்குள் வந்தது. வேதாகமத்தின் முன்தாளில் பிள்ளைகளின் பெயரும் தேதியும் எழுதினார்கள். கரையிருப்பில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தன்கூற்றாகவே எழுதிவைத்தார். ஒரு வாழ்வு நடுவில் திரும்பும்போது, ஏன் திரும்பினோம் என்று உறவினருக்கும் ஊருக்கும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வருகிறது. அந்தக் கட்டாயத்திலிருந்து சுயசரிதை பிறக்கிறது. எதிரில் கேட்பதற்கு ஆள் இருந்தபோதே இங்கே வாழ்க்கை எழுத்தானது.

பத்திரம் இடத்தைச் சொல்கிறது, சபை ஏடு தேதியைச் சொல்கிறது, மொய் நோட்டு உறவைச் சொல்கிறது. மொய் நோட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எவ்வளவு செய்தார் என்று வரிசையாக எழுதிய ஏடு அது. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, முக்கூடல் என்று ஊர்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் நடமாட்டம் தெரிந்துவிடும். பத்து வருட இடைவெளியில் நடந்த இரண்டு கல்யாண நோட்டுகளை அருகருகே வைத்தால் எந்த உறவு முறிந்தது, எந்த ஊர் புதிதாகச் சேர்ந்தது, யார் மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் போனார்கள் என்பதெல்லாம் விளங்கும். குறை ஒன்று உண்டு. பெண்களுக்கு அதில் பெயர் குறைவு. இன்னார் சம்சாரம், இன்னார் தாயார். அவ்வளவுதான்.

அன்றாடம் எங்கே போயிற்று? என்ன சாப்பிட்டார்கள், அரிசி என்ன விலை விற்றது, பிள்ளைக்குக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, பிசானம் விளைந்ததா, வாடகை கொடுத்தார்களா, யாருடைய பேச்சு யாரை நோகடித்தது? மேலே சொன்ன எந்தப் பதிவிலும் இவை கிடையாது. நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இங்கே பரவலாக வேரூன்றவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதினார் என்றால் அது ஒரு துபாஷியின் தொழிலோடும் அரசியலோடும் சேர்ந்தது. நெல்லைக் குடும்பங்களுக்கு நாட்குறிப்பாக அமைந்தது கடிதம்.

கடிதம் எழுத ஒருவர் வீட்டைவிட்டுப் போயிருக்கவேண்டும். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள், கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் போனவர்கள், ரயிலேறி மெட்ராஸ் போனவர்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கு தன் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தது. 1879 ஜூலை 1ஆம் தேதி இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது. விலை காலணா. மறு ஆண்டே மணியார்டர். பணம் அனுப்பியதற்கு ஒரு கார்டு, வந்து சேர்ந்ததற்கு ஒரு கார்டு என்று குடும்பச் சேதி ஆற்றைப்போல ஒரே திசையில் ஓடாமல், கடலோதம்போலப் போய்ப் போய் வந்தது. தலைப்பில் பிள்ளையார் சுழி அல்லது 786 அல்லது சிலுவை. பிறகு ‘நலம், நலமறிய அவா’. பிறகு ‘இப்பவும்’ என்ற சொல். அந்த ‘இப்பவும்’ வந்துவிட்டால் சங்கதி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எதிரில் இல்லாத ஆளுக்கு வீட்டைக் காட்டவேண்டும் என்பதால் விலையும் மழையும் காய்ச்சலும் வயலும் எழுத்துக்கு வந்தன. ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருந்திருந்தால் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.

வந்த கடிதங்களைச் சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைப்பார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அப்படி ஒரு கம்பி இல்லாத வீடு அபூர்வம். நடுவில் துருவேறிய ஓட்டையோடு இன்று கிடைக்கும் கார்டுகள் எல்லாம் அந்தக் கம்பியிலிருந்து இறங்கியவை. இதில் ஒரு விதி உண்டு. மூலையில் மஞ்சள் தடவிய சுபச் செய்தி கம்பிக்குப் போகும். கறுப்புத் தடவிய இறப்புச் செய்தியைப் படித்தவுடன் கிழித்துவிடவேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது. ஆகவே ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டை அப்படியே எடுத்துப் பார்த்தால் அங்கே கல்யாணங்களும் பிள்ளைப்பேறுகளும்தான் நடந்திருக்கின்றன, யாரும் சாகவே இல்லை என்று தோன்றும். திவசம் வருடத்தை விட்டது. கடிதக் கம்பி சாவையே விட்டது. என் நோட்டில் கல்யாணத் தேதிகள் முழுமையாகவும் மரணத் தேதிகள் ஓட்டையாகவும் இருப்பதற்குக் காரணம் எங்கள் அசட்டை என்று முதலில் நினைத்தேன். பக்கத்து வீடுகளிலும் விசாரித்தபோது எல்லாரிடமும் அதே இடத்தில்தான் ஓட்டை.

கடிதத்தின் பெரிய சங்கடம் வேறு. எழுதியவரிடம் அது இருப்பதில்லை. பெற்றவரிடம் இருக்கிறது. பெற்றவர் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நெல்லை இலக்கியத்தில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பக் கடிதங்கள் புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை. இளையபாரதி தொகுத்த ‘கண்மணி கமலாவுக்கு’ நூலில் அவற்றைப் படிக்கலாம். 1932இல் திருமணம். அவர் சென்னையில் பத்திரிகை வேலையும் பணமுடையுமாக இருக்க, கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்தார். வீடு பார்த்தது, கடன், உடம்பு, குழந்தை, வேலை பற்றிய கசப்பு, எப்போது வந்து அழைத்துப் போவது என்ற தவிப்பு எல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் பூனாவில் இருந்தபோதுதான் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. கதைகளில் யாரையும் விட்டுவைக்காத அந்தக் கூரிய மனிதர் வீட்டுக்கு எழுதும்போது எவ்வளவு கனிந்திருந்தார் என்பது இந்தக் கடிதங்கள் இல்லாமல் நமக்குத் தெரிந்திருக்காது. கமலா அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததால் தெரிந்தது.

கமலா எழுதிய பதில்கள்? நாம் படிப்பதெல்லாம் ஒரு பக்கம்தான். கமலா விருத்தாசலம் தாமே ஒரு கதாசிரியர். ‘காசுமாலை’ என்ற தொகுப்பு 1971இல் வெளிவந்திருக்கிறது. எழுதத் தெரிந்த ஒருத்தி, கணவனுக்கு எழுதிய கடிதங்களில் என்னென்ன சொல்லியிருப்பாள் என்று ஒவ்வொரு முறை அந்த நூலைத் திறக்கும்போதும் நினைக்கிறேன். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறுகிற ஆண் கடிதங்களைச் சேர்த்து வைப்பது கஷ்டம். ஒரே வீட்டில் காத்திருக்கிற பெண்ணுக்குப் பெட்டி உண்டு. ஆகவே ஆண் எழுதியது நிற்கிறது, பெண் எழுதியது போகிறது. இதில் யார்மேலும் பழி இல்லை. விளைவு மட்டும் பெரிது: ஒரு நூற்றாண்டுக் குடும்ப உரையாடலில் வீட்டிலிருந்து பேசிய குரலை நாம் இழந்துவிட்டோம்.

வெளியே போனவர் ஊரில் இருந்தவருக்கு எழுதியது நிற்கும் என்பதற்கு நட்பிலும் சான்று உண்டு. இடைசெவலில் ஒரே ஆண்டில், 1923 செப்டம்பரில், பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், 1952 முதல் 1957 வரை மலாயாவில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் இருந்தார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தார். அழகிரிசாமி 1970இல் இறந்தபின் அவர் தமக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. நூலாக்கினார். இங்கேயும் ஊரோடு இருந்தவரின் பெட்டிதான் காப்பாற்றியது. வண்ணதாசனின் கடிதங்கள் ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று தொகுக்கப்பட்டபோதும், பல ஊர்களில் பெற்றவர்கள் வைத்திருந்ததைத் திருப்பிச் சேர்த்துத்தான் ஒரு நூல் உருவானது. அவருடைய தந்தை தி.க.சி. சுடலைமாடன் கோயில் தெரு வீட்டிலிருந்து முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை எழுதிக்கொண்டே இருந்தவர். 2014இல் அவர் மறைந்தபோது அந்தக் கார்டுகள் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ மேசை இழுப்பறைகளில் இருந்தன. இன்றும் இருக்கும்.

இரு பக்கமும் பிழைத்தால் என்ன ஆகும் என்று காட்டுவது வ.உ.சி.யின் கடிதங்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணத்தைப் பற்றி 1915, 1916ஆம் ஆண்டுகளில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை வைத்து ஆ.இரா. வேங்கடாசலபதி ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’ என்ற நூலை எழுதினார். கப்பல் ஓட்டிய ஒரு மனிதர், சிறையிலிருந்து வந்தபின் மனைவி மக்களோடு சென்னையில் எவ்வளவு நெருக்கடியில் இருந்தார் என்பதை ரூபாய் அணா கணக்கோடு அது காட்டுகிறது. ஒரு குடும்பத்தின் வறுமையைப் பற்றி நூறு மேடைப் பேச்சுகள் சொல்லாததை ஒரு தொகை சொல்லிவிடுகிறது. 1936இல் அவர் எழுதிய உயிலில் கடைகளுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கிகளும் வருகின்றன. தலைவர் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் அது நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாத்தா சிட்டையில் எழுதிவைத்த பட்டியல்தான். இதே வேங்கடாசலபதி கல்லூரி மாணவப் பருவத்திலேயே, 1984இல், வ.உ.சி. கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவர். அப்போது அவர் தேடிப்போகாவிட்டால் பின்னால் யார் போயும் கிடைத்திருக்காது.

பெண்கள் எழுத்து எங்குமே நிற்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே காயல்பட்டினத்தில் அரபுத்தமிழ் என்ற எழுத்து முறை வழங்கியது. தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. குர்ஆன் ஓதப் பழகிய பெண்பிள்ளைகளுக்கு அரபு எழுத்துத் தெரியும். அதைக் கொண்டே தமிழையும் வாசித்தார்கள், எழுதினார்கள். கடல் கடந்து வாணிபம் செய்த கணவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் அந்த எழுத்தில் போயிற்று. தபால்காரரோ அடுத்த வீட்டுக்காரரோ படித்துச் சொல்லவேண்டிய அவசியம் இல்லாத, தானே எழுதித் தானே படிக்கிற அந்தரங்கம் அதில் இருந்தது. இன்று அந்த எழுத்தைப் படிப்பவர்கள் சுருங்கிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் கையில் பாட்டியின் காகிதம் இருக்கிறது, அது துஆவா கடிதமா கணக்கா என்று சொல்ல ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் விடுதிப் பள்ளிகளும், 1895இல் தொடங்கிய சாரா டக்கர் கல்லூரியும் இன்னொரு கடிதக்காரப் பெண் தலைமுறையை உருவாக்கின. கடையநல்லூர்க் கதை காயல்பட்டினத்துக்கு நேர் எதிர். அங்கிருந்து சிங்கப்பூர் போன நெசவாளக் குடும்பங்கள் பெண்களையும் அழைத்துக்கொண்டு போயின. தஞ்சோங் பகார் பகுதியில் அந்தப் பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. மனைவி கூடவே இருந்தால் கணவன் மனைவிக் கடிதம் ஏது? அந்தக் குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும், அக்காவுக்கும் தங்கைக்கும் இடையே போனவையே முக்கியமானவையாக இருந்திருக்கவேண்டும்.

இவையெல்லாம் எப்படி அழிந்தன? உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி இந்தச் சீமைக்கு வந்தபோது கண்டதை எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த வரகுணராம பாண்டியர் காலத்துச் சுவடிகளை, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்யவேண்டும் என்று ஓமத் தீயில் இட்டுவிட்டார்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை வெள்ளத்தில் விடும் வழக்கத்தையும் அவர் சொல்கிறார். அதைச் செய்தவர்கள் எழுத்தை அவமதித்தவர்கள் இல்லை. எழுத்தைக் குப்பையில் எறியக்கூடாது என்று நினைத்ததால்தான் ஆற்றுக்கும் நெருப்புக்கும் கொடுத்தார்கள். இந்த மரியாதை கடிதங்களுக்கும் தொடர்ந்தது. பெரியவர் இறந்தபின் அவர் காகிதங்களைக் கட்டி ஆற்றில் விட்டதாகச் சொன்ன வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன்.

பிறகு ஆறே வீட்டுக்குள் வந்தது. 1992 நவம்பர் வெள்ளம் ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 இன்னொன்று. அப்போது ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருட மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று பயணிகள் தவித்ததும், பாலங்களும் சாலைகளும் அறுந்ததும் செய்தியாயின. தண்ணீர் வடிந்தபின் தெருத்தெருவாக வெயிலில் காயவைத்தவற்றில் பாயும் மெத்தையும் இருந்தன. பத்திரங்களும் ஜாதகங்களும் கல்யாண ஆல்பங்களும் இருந்தன. பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். சான்றிதழுக்கு மனுக்கொடுக்கலாம், அரசு முகாம் போட்டது. மூலையில் மஞ்சள் தடவிய கார்டுக்கு நகல் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இந்த இழப்புகளையெல்லாம் பார்த்தபின் நோட்டு எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் முக்கியமானதை எழுதுவேன். இப்போது அன்றைக்கு வெங்காயம் என்ன விலை, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்பதைப் பக்கத்து ஊருக்குக் கல்யாணமாகிப்போன தங்கை மகளுக்கு எழுதுவதுபோல எழுதுகிறேன். எதிரில் ஒரு முகம் இல்லாவிட்டால் பேனா தானாகச் சுபச் செய்தி எழுதத் தொடங்கிவிடுகிறது. பெரியம்மாவிடம் கேட்கும்போது அவள் பேச்சை என் நடைக்கு மாற்றுவதில்லை. ‘ஏட்டி, அதெல்லாம் எதுக்கு எழுதுத?’ என்று அவள் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இறந்தவர்களுக்குத் திதியோடு வருடத்தையும், வருடம் தெரியாவிட்டால் அந்த வருடம் ஊரில் நடந்த வேறு ஏதாவது ஒன்றையும் போடுகிறேன். பெரிய வெள்ளத்துக்கு முந்தினதா பிந்தினதா, டவுனில் தேர் நின்றுபோன வருடமா, மூத்தவன் பள்ளிக்கூடம் போனபிறகா என்று கேட்டால் பெண்கள் துல்லியமாகச் சொல்லிவிடுகிறார்கள். வருடத்தை எண்ணாகக் கேட்டால் தயங்குகிறார்கள்.

என் நோட்டோடு முடிகிற காரியமில்லை இது. எழுத்தாளர்கள், தலைவர்கள் என்றால் தேடி வர ஆள் உண்டு. கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் மேலப்பாளையத்துக்கோ வள்ளியூருக்கோ எழுதிய கடிதங்களை வாங்கி வைக்க யார் இருக்கிறார்கள்? 1964 சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் வீட்டில் இரண்டு நாட்டு முத்திரையும் விழுந்த காகிதங்கள் இருக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வாய்மொழி மரபுக்கு நெடுங்காலம் உழைத்திருக்கிறது. 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்றில் சாதாரணக் குடும்பங்களின் கடிதங்களுக்கும் மொய் நோட்டுகளுக்கும் ஓர் அறை வேண்டும். மூலத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களிடம் நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தரலாம். ஊர்ப்பெயரைப் போட்டுப் பட்டியல் வைத்தால் மறுபக்கக் கடிதம் இருக்கிற வீடு எங்கே என்று கண்டுபிடிக்க வழி பிறக்கும். காயல்பட்டினத்துப் பாட்டியின் அரபுத்தமிழ்க் கடிதத்தைப் படித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வேலையை அவர்களிடமிருந்து தொடங்கவேண்டும், இந்த வருடமே.